9999 விளையாட்டு ஒரே கேசட்டிலா?

ரயில் கால அட்டவணையில் 'சேலம் சந்திப்பு' என்று அச்சாகியிருக்கும் நிலையம் சேலம் நகரின் நடுவில் இல்லை; மேற்கே சூரமங்கலத்தில் இருக்கிறது. அந்த நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் வசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர், கோடை விடுமுறையில் ஒருநாள் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பைக்குள்ளிருந்து மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் வில்லை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சார், இது எங்க அம்மாவோட கேசட்டுங்க. பரண்ல டிவி கேமோட கிடந்துச்சு. 9999 விளையாட்டுன்னு போட்டிருக்கு. நெசமாங்க?"

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? விடை சொல்வதற்கு முன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இங்கே கேசட் என்பது பாட்டுக் கேட்கும் ஒலிநாடா அன்று. உள்ளே நாடா எதுவும் கிடையாது. ஒரு சிறு மின்சுற்று அட்டையும் அதன்மேல் அழியா நினைவகச் சில்லும்தான் இருக்கும். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று 'ஃபேமிகாம்' என்னும் விளையாட்டுப் பொறியை வெளியிட்டது. 1990களில் நம் ஊர்க் கடைகளில் விற்ற டிவி கேம்களில் பெரும்பாலானவை இப்பொறியின் நகல்களே. அப்பொறியின் புகழ்பெற்ற 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்கு நிரல் பகுதி 32,768 பைட். படங்களுக்கு 8,192 பைட். ஆக மொத்தம் 40,960 பைட். இப்படி 9999 விளையாட்டுகளை அடைக்க வேண்டுமானால் 40,95,59,040 பைட் இடம் வேண்டும். சில நூறு ரூபாய்க்கு விற்ற ஒரு கேசட்டில் நாற்பது கோடி பைட்டா? அந்தக் காலத்துச் சில்லில் அதற்கு வழியே இல்லை.

அப்படியானால் திரையில் பக்கம் பக்கமாக ஓடும் அந்தப் பட்டியல் என்ன? அதைத் தெரிந்துகொண்டால், இன்றைய கணிப்பொறியில் பழைய விளையாட்டுகளையெல்லாம் ஒரே இடத்தில் அடுக்கி வைத்து, பெயரைத் தொட்டதும் இயக்கிவிடும் நிரல்களின் இரகசியமும் புரிந்துவிடும். அவற்றை ஆங்கிலத்தில் ஃபிரன்ட் எண்ட் என்பார்கள். நாம் 'முகப்பு நிரல்' என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அம்மாவோ மாமாவோ 1990களில் டிவி கேம் ஆடியவர் என்றால், அவர்கள் கண்ட முதல் முகப்பு நிரல் அந்த மஞ்சள் கேசட்டுக்குள்தான் இருந்தது.

கிளையில் உட்கார்ந்து கிளையை வெட்டுவது

ஃபேமிகாமின் மையச் செயலகத்திலிருந்து 16 முகவரிக் கம்பிகள் புறப்படுகின்றன. ஒவ்வொரு கம்பியும் 0 அல்லது 1 என்னும் நிலையில் இருக்கலாம். எனவே இரண்டை 16 முறை பெருக்கக் கிடைக்கும் 65,536 முகவரிகளைத்தான் அதனால் காண முடியும். இவற்றில் 32,768 முதல் 65,535 வரையுள்ள மேல்பாதி, கேசட்டின் நிரலுக்கென்று ஒதுக்கப்பட்டது. இதை ஒரு சன்னல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கேசட் எவ்வளவு பெரிதானாலும், ஒரு நேரத்தில் இந்த 32 கிலோபைட் சன்னல் வழியாகத் தெரிவது மட்டும்தான் பொறிக்குத் தெரியும்.

கேசட்டில் 10,48,576 பைட் உள்ள சில்லைப் பொருத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 32 சன்னல்களுக்குச் சமம். எந்தத் துண்டு சன்னலில் தெரிய வேண்டும் என்பதைக் கேசட்டிலேயே உள்ள ஒரு சிறு சுற்று நினைவில் வைத்திருக்கும். அதற்கு லாட்ச் என்று பெயர். தாழ்ப்பாள் என்றே பொருள். ஒரு குறிப்பிட்ட முகவரியில் எண் 7-ஐ எழுதினால் ஏழாம் துண்டு சன்னலுக்கு வரும். 12-ஐ எழுதினால் பன்னிரண்டாவது வரும்.

பொறியை இயக்கியதும் முதலில் சன்னலுக்கு வருவது விளையாட்டு அன்று, பட்டியல் நிரல். நீங்கள் அம்புக்குறியை நகர்த்தி ஒரு வரியில் நிறுத்தி 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்துகிறீர்கள். பட்டியல் நிரல் லாட்சில் அந்த விளையாட்டுக்குரிய எண்ணை எழுதுகிறது. சன்னல் மாறுகிறது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சற்று நிதானமாக யோசியுங்கள். பட்டியல் நிரல் ஓடிக்கொண்டிருப்பதே அந்தச் சன்னலில்தான். சன்னலை மாற்றிய அடுத்த நொடியில் அந்த நிரலே காணாமல் போய்விடுமே! மையச் செயலகம் அடுத்த கட்டளையைப் படிக்கப் போனால், அங்கே வேறொரு விளையாட்டின் நடுப்பகுதி இருக்கும். கிளைமேல் உட்கார்ந்துகொண்டு கிளையை வெட்டிய கதைதான்.

இதற்கு அந்த நிரலாளர்கள் கண்ட வழி அழகானது. பொறிக்குள் 2,048 பைட் அளவுக்குத் தற்காலிக நினைவகம் இருக்கிறது. அது கேசட்டைச் சேர்ந்ததன்று, பொறியைச் சேர்ந்தது. 'லாட்சை மாற்று, பிறகு விளையாட்டின் தொடக்கத்துக்குத் தாவு' என்னும் சில கட்டளைகளை மட்டும் அங்கே நகலெடுத்து வைத்துவிட்டு, அங்கே தாவி, அங்கிருந்தபடி சன்னலை மாற்றுவார்கள். கிளையை வெட்டுவதற்கு முன் பக்கத்து மரத்துக்குப் போய்விட்டார்கள்! விளையாட்டின் தொடக்கம் எங்கே என்பது 65,532, 65,533 ஆகிய இரு முகவரிகளில் எப்போதும் எழுதப்பட்டிருக்கும். ஆகவே எந்த விளையாட்டானாலும் ஒரே வழியில் தொடங்கிவிடலாம்.

இந்தப் பட்டியல் நிரலுக்கு விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாது என்பதைக் கவனியுங்கள். அதற்குத் தெரிந்தது, ஒரு வரிக்கு எந்த எண், அழைப்பது எப்படி என்பவை மட்டுமே. முகப்பு நிரலின் இயல்பே இதுதான்.

சரி, 9999? அது வெறும் வரிகளின் எண்ணிக்கை. ஒரே விளையாட்டு வெவ்வேறு பெயர்களில் மீண்டும் மீண்டும் வரும். சில வரிகளில், தொடங்கும் முன் நினைவகத்தில் ஓர் எண்ணை எழுதிவிட்டு, விளையாட்டை மூன்றாம் நிலையிலிருந்தோ கூடுதல் உயிர்களுடனோ தொடங்க வைப்பார்கள். அதற்கேற்ப விளையாட்டையும் சிறிது திருத்தியிருப்பார்கள். நம் மாணவரின் டிவி கேமில் அடாப்டர் கம்பி உள்ளே அறுந்திருந்தது. அதைச் சரிசெய்து தொலைக்காட்சியில் இணைத்து, ஒரு பிற்பகல் முழுவதும் இருவரும் வரிவரியாகப் போட்டுப் பார்த்துக் குறித்தோம். முதல் சில பக்கங்களுக்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை, அவருக்கு இருந்தது. வெவ்வேறான விளையாட்டுகள் மொத்தம் ஏழு.

"ஏழுதானுங்களா?" என்று அவர் முகம் சற்று வாடியது. ஆனால் அவர் கையில் இருந்த தாளில், அந்தக் கேசட்டுக்கு அதுவரை இல்லாத உண்மையான பட்டியல் முதன்முறையாக உருவாகியிருந்தது.

169 என்றால் என்ன?

அடுத்த வாரம் அவர் மீண்டும் வந்தார். இம்முறை பையில் அக்காவின் மடிக்கணினி. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்கு வந்தது. பழைய விளையாட்டுப் பொறிகளைக் கணிப்பொறியிலேயே இயக்கலாம் என்று யாரோ சொல்ல, நான்கு வகை எமுலேட்டர்களை நிறுவியிருந்தார். ஒன்றில் குதிப்பதற்கு 'இசட்' விசை, இன்னொன்றில் 'எக்ஸ்', மூன்றாவதில் இடைவெளி விசை. ஒன்று கோப்புகளைத் தன் அடைவில்தான் தேடும். மற்றொன்று எங்கே தேடுகிறது என்றே தெரியவில்லை. எதற்கு எது என்று மறந்துபோய், எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்ற நிலைக்கு வந்திருந்தார்.

எமுலேட்டர் என்றால் என்ன? ஒரு பொறி செய்வதை அப்படியே போலச் செய்யும் ஏற்பாடு. சூரமங்கலத்துத் தாத்தாக்களைக் கேளுங்கள். சென்னை, ஈரோடு செல்லும் முதன்மைப் பாதை அகலப் பாதையாகவும் விருத்தாசலம் செல்லும் பாதை மீட்டர் பாதையாகவும் இருந்த காலத்தைச் சொல்வார்கள். 1,000 மில்லிமீட்டர் பாதையின் வண்டி 1,676 மில்லிமீட்டர் பாதையில் ஏறவே ஏறாது. நிரல்களும் அப்படித்தான், ஒவ்வொரு மையச் செயலகத்துக்கும் தனித்தனிப் பாதை.

ஃபேமிகாமின் நிரலில் 24, 169, 5, 105, 3 என்று ஐந்து எண்கள் வரிசையாக இருப்பதாகக் கொள்ளுங்கள். அதன் மையச் செயலகம் 6502 வகையைச் சேர்ந்தது. அதற்கு 24 என்றால் 'மிச்சக் குறியை அழி'. 169 என்றால் 'அடுத்து வரும் எண்ணை எடுத்து வைத்துக்கொள்'. 105 என்றால் 'அடுத்து வரும் எண்ணைக் கூட்டு'. ஆக விடை 8. இதே எண்களை உங்கள் மடிக்கணினியின் செயலகத்திடம் நேராகக் கொடுத்தால் அது வேறு ஏதோ கட்டளைகளாக எடுத்துக்கொண்டு குழம்பிவிடும். எமுலேட்டரோ ஒவ்வோர் எண்ணாகப் படித்து, '169ஆ? அப்படியானால் பழைய பொறி இன்னது செய்திருக்கும்' என்று பார்த்து, அதைத் தன் பாணியில் செய்து முடிக்கும். பழைய பொறி நொடிக்கு ஏறத்தாழ 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்புகளில் ஓடியது. இன்றைய மடிக்கணினி பல மடங்கு வேகமானது. அதனால் இப்படி ஒவ்வொன்றாக விளக்கம் பார்த்துச் செய்தாலும் நேரம் மிஞ்சுகிறது.

எமுலேட்டர் என்ற சொல் விளையாட்டு உலகில் பிறந்ததன்று. ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 என்னும் புதிய கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. வாடிக்கையாளர்களிடம் அதற்கு முந்தைய 1401 பொறிக்காக எழுதிய நிரல்கள் மலைபோல் குவிந்திருந்தன. அவற்றையெல்லாம் யார் திருப்பி எழுதுவது? புதிய பொறியே பழைய 1401 போல நடந்துகொள்ள வழி செய்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கு ஐபிஎம் பொறியாளர்கள் இட்ட பெயரே எமுலேட்டர். நம் இந்திய ரயில்வேயிலும் 1960களில் ஐபிஎம் 1401 பொறிகள் கணக்கு வேலை பார்த்தன.

நான்கு கேள்விகள்

மாணவரின் தலைவலிக்கு வருவோம். எமுலேட்டர்கள் நான்கு, கோப்புகள் பல. இடையில் நின்று 'இது இங்கே போகட்டும், அது அங்கே போகட்டும்' என்று வழிகாட்ட ஒருவர் வேண்டும். எமுலேஷன்ஸ்டேஷன் என்னும் இலவச முகப்பு நிரல் இதைச் செய்கிறது. அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள், அவ்வளவு எளிமை. ஒவ்வொரு பழைய பொறிக்கும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கும். பொறியின் பெயர் என்ன? அதன் கோப்புகள் எந்த அடைவில் இருக்கின்றன? அவற்றின் பெயர் எப்படி முடியும்? இயக்குவதற்கு என்ன கட்டளை? கட்டளை வரியில் விளையாட்டின் பெயர் வர வேண்டிய இடம் மட்டும் வெற்றிடமாக விடப்பட்டிருக்கும். நீங்கள் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்ததும் அதன் பெயரை அந்த வெற்றிடத்தில் பொருத்தி, கட்டளையை இயக்க முறைமையிடம் கொடுத்துவிட்டு, முகப்பு நிரல் ஒதுங்கிக்கொள்ளும். விளையாட்டு முடிந்ததும் மறுபடி தலைகாட்டும். படம், ஆண்டு, பின்னணி இசை எல்லாம் மேற்பூச்சுதான்.

மூன்றாம் கேள்விதான் தகராறு பிடித்தது. 'என்இஎஸ்' என்று பெயர் முடிந்தால் ஃபேமிகாம் கோப்பு என்று கொள்ளலாம். ஆனால் 'பின்' என்று முடியும் கோப்பு செகா மெகா டிரைவுக்கும் இருக்கலாம், அட்டாரி 2600க்கும் இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாமே! ஆகவே உள்ளே பார்க்க வேண்டும். ஃபேமிகாம் கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் 78, 69, 83, 26 என்றிருக்கும். முதல் மூன்றும் என், இ, எஸ் என்னும் ஆங்கில எழுத்துகளின் எண்கள். மெகா டிரைவ் கோப்பில், சுழியத்திலிருந்து எண்ணினால், 256ஆம் இடத்திலிருந்து 83, 69, 71, 65 என்று வரும். அது செகா என்னும் பெயர்.

இதுவும் போதாது. இது எந்த விளையாட்டு, முழுமையான நகலா, நடுவில் ஒரு பைட் கெட்டுப்போனதா என்று எப்படி அறிவது? இதற்கு விடை காண ரயில் நிலையத்துக்குப் போவோம். நடைமேடையில் நின்று பார்த்தால் போதும். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். சரக்கு வண்டிப் பெட்டிகளின் பக்கவாட்டில் 11 இலக்க எண் ஒன்று எழுதியிருப்பதைக் காணலாம். முதல் இரண்டு இலக்கங்கள் பெட்டியின் வகை. அடுத்த இரண்டு, எந்த ரயில்வேக்குச் சொந்தம். அடுத்த இரண்டு, கட்டிய ஆண்டு. பின் நான்கு, வரிசை எண். கடைசி இலக்கம் எதையும் குறிப்பதில்லை. அது ஒரு காவல்காரன்.

கணக்கு இதுதான். இரட்டைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றையும் அதனுடன் கூட்டுங்கள். அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே காவல் இலக்கம். எடுத்துக்காட்டாக 2212085167 என்று வைத்துக்கொள்வோம். இரட்டைப்படை இடங்களில் 2, 2, 8, 1, 7, கூட்டினால் 20, மூன்று மடங்கு 60. ஒற்றைப்படை இடங்களில் 2, 1, 0, 5, 6, கூட்டினால் 14. மொத்தம் 74, எண்பதுக்கு 6 குறைகிறது. எனவே முழு எண் 22120851676. எழுத்தர் ஒருவர் 5-ஐ 6 என்று தவறாகக் குறித்தால் மொத்தம் 75 ஆகிவிடும். காவல் இலக்கம் 5 ஆக வேண்டும். ஆனால் பெட்டியில் 6 என்று இருக்கிறது. பிழை பிடிபட்டது! அடுத்த முறை சரக்கு வண்டி நிற்கும்போது நான்கு பெட்டிகளுக்குச் சரிபார்த்துப் பாருங்கள்.

முகப்பு நிரலும் இதே வேலையைச் செய்கிறது. ஒரேயொரு இலக்கத்துக்குப் பதிலாக 32 பிட் நீளமுள்ள காவல் எண்ணைக் கோப்பு முழுவதிலிருந்தும் கணக்கிடுகிறது. இதற்கு சிஆர்சி-32 என்று பெயர். இதில் 4,29,49,67,296 வெவ்வேறு எண்கள் சாத்தியம். அதை, ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகத் தொகுத்துள்ள விளையாட்டுப் பட்டியலோடு ஒப்பிடும். எண் பொருந்தினால், கோப்புக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருந்தாலும் அதன் உண்மையான பெயரைச் சொல்லிவிடும். 9999 வரிப் பட்டியலை இந்தச் சோதனையில் நிறுத்தியிருந்தால் ஏழு பெயர்களும் சில திருத்திய நகல்களும்தான் தேறியிருக்கும்.

ரெட்ரோஆர்ச் என்னும் மற்றொரு முகப்பு நிரல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2010இல் வேறு பெயரில் தொடங்கி 2012இல் இப்பெயர் பெற்றது, இதுவும் இலவசம். இது எமுலேட்டர்களைத் தனி நிரல்களாக அழைப்பதில்லை. சுவரில் உள்ள மின் இணைப்புத் துளையை நினைத்துப் பாருங்கள். மிக்சியோ இஸ்திரிப் பெட்டியோ, முள் பொருந்தினால் மின்சாரம் கிடைக்கும். அதுபோல எமுலேட்டர்கள் 'கோர்' என்னும் பகுதிகளாக வந்து ஒரே வகைத் துளையில் பொருந்துகின்றன. திரை, ஒலி, விசைப்பலகை மூன்றையும் ரெட்ரோஆர்ச் பார்த்துக்கொள்ளும். நொடிக்கு ஏறத்தாழ 60 முறை கோரிடம் 'ஒரு படம் ஓட்டு' என்று கேட்கும். கோர் ஒரு படத்தையும் அதற்குரிய ஒலியையும் கொடுக்கும். குதிப்பது எந்த விசை என்பதை ஒரே ஒரு முறை சொன்னால் போதும். எல்லாப் பொறிகளுக்கும் அதுவே. நம் மாணவரின் இசட், எக்ஸ் குழப்பம் இங்கேதான் தீர்ந்தது. நூற்றுக்கணக்கான படங்களோடு பளபளக்கும் முகப்பைவிட இந்த ஒரு வசதியையே நான் பெரிதாக மதிப்பேன்.

என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை இடம் போதவில்லை என்று என் விளையாட்டு அடைவை வேறொரு வட்டுக்கு மாற்றினேன். முகப்பு நிரலைத் திறந்தால் எல்லாப் பெயர்களும் படங்களும் அப்படியே இருந்தன. தொட்டால் திரை ஒரு கணம் கறுத்துப் பழையபடி பட்டியலுக்கே திரும்பியது. அரைநாள் எமுலேட்டரைப் பழித்தேன். அழித்து மறுபடி நிறுவினேன். பிறகுதான் உறைத்தது: பட்டியலில் இருந்தவை விளையாட்டுகள் அல்ல, அவற்றின் பழைய முகவரிகள். வீடு மாறிப்போனவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போட்டுக்கொண்டிருந்தேன்.

யாருடைய விளையாட்டு?

"அப்ப அம்மாவோட ஏழு விளையாட்டையும் இறக்கிப் போட்டுக்கலாங்களா சார்?" இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் வந்திருக்கும்.

எமுலேட்டர் வைத்திருப்பது குற்றமன்று; முகப்பு நிரலும் அப்படியே. விளையாட்டுக் கோப்பின் நிலைமை வேறு. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரலை இலக்கியப் படைப்பின் வரிசையில் வைக்கிறது. முறைப்படி ஒரு நிரலை வைத்திருப்பவர், அது கெட்டுப்போனால் உதவ ஒரு காப்பு நகல் எடுத்துக்கொள்ள அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் எடுத்த நகலை இணையத்திலிருந்து இறக்குவது இதில் அடங்காது. அம்மாவின் கேசட்டோ உரிமையாளரின் அனுமதியில்லாமல் செய்யப்பட்டதாகவே தெரிகிறது. கடைக்காரரிடம் காசு கொடுத்து வாங்கியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லைதான். ஆனாலும் காப்பு நகல் என்ற வாதம் இங்கே எளிதில் நிற்காது.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. சில்லுகளும் மின்கலங்களும் சாகின்றன. பழைய ஒலிநாடாக்களில் பதிந்த நிரல்கள் மங்குகின்றன. உரிமையாளரும் மறுபடி வெளியிடாமல், மற்றவரும் நகலெடுக்க முடியாமல், நடுவில் அழிந்துபோகும் படைப்புகள் பல. இதற்கு உலகில் எங்கும் முழுமையான தீர்வு வந்தபாடில்லை.

ஆனால் உங்களுக்கு விளையாடவும் கற்கவும் தடையில்லாத களம் தாராளமாக இருக்கிறது. 'குகைக்கதை' என்று பொருள்படும் 'கேவ் ஸ்டோரி', ஜப்பானியர் ஒருவர் தனியாளாக உழைத்து 2004இல் இலவசமாக வெளியிட்டது. எண்களை நகர்த்திச் சேர்க்கும் '2048' இருக்கிறது. இவை இரண்டும் ரெட்ரோஆர்ச்சில் ஓடும். எல்லாவற்றையும்விட நான் பரிந்துரைப்பது சிப்-8. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனப் பொறியாளர் ஜோசப் வைஸ்பெக்கர் 1970களில் உருவாக்கிய எளிய நிரல்மொழி அது. மொத்தம் 35 கட்டளைகள். 4,096 பைட் நினைவகம். குறுக்கே 64, நெடுக்கே 32 புள்ளிகள் கொண்ட திரை. அவர் வடிவமைத்த சிறு கணிப்பொறிக்கு 1976இல் விளையாட்டுகள் எழுதியவர் யார் தெரியுமா? பதின்வயதில் இருந்த அவர் மகள் ஜாய்ஸ். சிப்-8க்கென்று இன்றும் ஆர்வலர்கள் புதிது புதிதாக விளையாட்டு எழுதி, யாரும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு வெளியிடுகிறார்கள்.

செய்து பாருங்கள்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் மொழி வருகிறது. அதைக் கொண்டு முகப்பு நிரல் ஒன்றை நீங்களே எழுதலாம். முப்பது வரி போதும். முதலில் பைத்தானின் 'டிக்ஷனரி' அமைப்பில், கோப்புப் பெயரின் முடிவை இடப்பக்கமும் அதற்குரிய எமுலேட்டரின் பெயரை வலப்பக்கமும் எழுதுங்கள். அடைவில் உள்ள கோப்புகளின் பெயர்களைப் படித்து, டிக்ஷனரியில் இல்லாத முடிவுகளை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை வரிசை எண்ணுடன் அச்சிடுங்கள். பயனர் ஓர் எண்ணைத் தட்டியதும், அக்கோப்புக்குரிய எமுலேட்டரைக் கோப்பின் பெயரோடு சேர்த்து 'சப்பிராசஸ்' தொகுதியின் வழியாக இயக்குங்கள். அது முடிந்து திரும்பியதும் பட்டியலை மறுபடி காட்டுங்கள். ஓடிவிட்டதா? இனி ஒரு சோதனை: ஒரு கோப்பின் பெயரை வேண்டுமென்றே தவறாக மாற்றிப் பாருங்கள். உங்கள் நிரல் ஏமாறும். முதல் நான்கு பைட்டுகளைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். அப்படியும் சிப்-8 கோப்புகளில் ஏமாறும். ஏனெனில் அவற்றுக்கு அடையாளத் தலைப்பு எதுவுமே கிடையாது, முதல் பைட்டே கட்டளைதான். அங்கே காவல் எண்ணைத் தவிர வேறு வழியில்லை. பைத்தானின் 'சிலிப்' தொகுதியில் சிஆர்சி-32 தயாராகவே இருக்கிறது.

சூரமங்கலத்து மாணவரின் நிரல் சென்ற மாதம் ஓடத் தொடங்கியது. நான்கு கேள்விகளோடு ஐந்தாவதாக ஒரு பத்தியை அவராகவே சேர்த்திருந்தார்: 'யார் கொடுத்தது, என்ன அனுமதி'. பட்டியலில் பதினொரு சிப்-8 விளையாட்டுகள் இருந்தன. பன்னிரண்டாவது வரியில் எந்தக் கோப்பும் இல்லை. அதில் அம்மாவின் மஞ்சள் கேசட்டைப் பெயரிட்டு, ஏழு விளையாட்டுகளையும் குறித்து, இயக்கும் கட்டளை இருக்க வேண்டிய இடத்தில் 'பரண், இடப்பக்கப் பெட்டி, 9 வோல்ட் அடாப்டர்' என்று எழுதியிருந்தார். அம்மா அந்த வரியைப் படித்துவிட்டு, "அடாப்டர் முனையில உள்பக்கம் மைனஸ், அதையும் எழுதுடா. மாத்திப் போட்டாப் புகைஞ்சிரும்" என்றாராம். எழுதிக்கொண்டு வந்து காட்டினார்.